கட்டில் எங்கே? தளம் போடும் முன்பே சொல்லுங்கள்!

வாசுதேவநல்லூரில் வீடு கட்டுகிறவர்கள் பொறுமைசாலிகள். நிலை வைக்க நல்ல நேரம் பார்க்கிறார்கள். மனையடி சாஸ்திரப்படி அறையின் நீள அகலத்தை ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைக்கிறார்கள். செங்கல்லை நாலு சூளையில் விசாரித்து வாங்குகிறார்கள். டைல்ஸ் பார்க்க ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஆனால் அந்த வீட்டின் படுக்கையறைக்குக் கரன்ட் எந்த வழியாக வர வேண்டும், எத்தனை லைனாகப் பிரிய வேண்டும் என்ற கேள்வி மட்டும், சென்ட்ரிங் மேல் கம்பி கட்டி முடிக்கிற நாள் வரை எழுவதே இல்லை. மறுநாள் விடிந்தால் கலவை மெஷின் வந்துவிடும். அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் ஒயர்மேன் தன் அனுபவத்தை வைத்து ஃபேன் பாக்ஸை ஓர் இடத்தில் உட்கார வைத்து, பைப்பைக் கம்பிக்கு நடுவே ஓட்டிவிட்டுப் போகிறார். இனி அந்த வீடு நிற்கும் காலம் வரைக்கும் ஃபேன் அங்கேதான்.

படுக்கையறையின் மின் திட்டத்தைக் கட்டிலில் இருந்து தொடங்க வேண்டும். தளக் கான்கிரீட்டுக்கு முன்பே அது காகிதத்தில் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி லைனும் தனி நியூட்ரலும், அதாவது கரன்ட் திரும்பி வரும் ஒயரும், வேண்டும். வீடு கட்ட நினைக்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இந்த மூன்றையும் உரிமையோடு வற்புறுத்திச் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் வீட்டில் நாம் கண்ணை மூடிக் கிடக்கும் ஒரே அறை அதுதான். அடுப்படியில் ஒயர் கருகினால் வாடை வரும், யாராவது ஓடிப் போய் மெயினை இறக்குவார்கள். படுக்கையறையில் நடுச்சாமத்தில் கருகினால் அதை முகர்ந்து பார்க்க ஆள் விழித்திருப்பதில்லை.

பஞ்சாயத்தில் கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் சுவர் இருக்கும், ஜன்னல் இருக்கும், செப்டிக் டேங்க்கூட இருக்கும். ஒயரிங் இருக்காது. பொறியாளரிடம் கேட்டால் தனியாக ஒரு தாளில் வரைந்து கொடுப்பார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கும் வழக்கம்தான் நம் ஊர்ப் பக்கம் இன்னும் வரவில்லை.

கன்னி மூலையும் ஃபேன் பாக்ஸும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மதுரை கொல்லம் சாலையில் சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில், புதிதாக எழும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செங்கல் சுவர் எழுந்துவிட்டது, பூச்சு இல்லை. விவரமான ஒயர்மேன் ஒருவர் உள்ளே வந்து முதலில் கேட்கும் கேள்வி, "அண்ணாச்சி, கட்டில் எங்க போடப் போறீய?" என்பதாகத்தான் இருக்கும். "அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்யா" என்று பதில் வந்தால் அங்கேயே திட்டம் சறுக்கிவிடுகிறது.

உண்மையில் நம் பக்கத்து வீடுகளில் கட்டிலின் இடம் முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஒன்று. பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டோம். தெற்கே அல்லது கிழக்கேதான் தலை. பீரோ அறையின் தென்மேற்கு மூலையில் வடக்குப் பார்த்து நிற்கும். இதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் போடப் போகிறார்கள். அப்படியென்றால் கணக்கை இன்றைக்கே போட்டுவிடலாமே!

கிழக்கு மேற்காக 12 அடி, தெற்கு வடக்காக 10 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். தெற்குச் சுவரின் மேற்கு மூலையில் 3 அடிக்குப் பீரோ. அதன் கதவு திறக்கவும் ஆள் நுழையவும் ஒன்றரை அடி. அடுத்து 6 அடி அகலக் கட்டில். மீதி ஒன்றரை அடி. இப்போது கட்டிலின் நடுக்கோடு மேற்குச் சுவரில் இருந்து ஏழரை அடியில் விழுகிறது. அறையின் நடுவோ 6 அடியில். ஃபேனை அறைக்கு நட்டநடுவில் மாட்டினால் காற்றில் பாதி பீரோவுக்கும் நடைபாதைக்கும் போகும். ஃபேன் பாக்ஸை ஓரடி கிழக்கே, அரையடி தெற்கே தள்ளி வைத்தால் படுத்திருப்பவருக்கு முழுக் காற்று. ஃபேனின் சுற்று 4 அடி என்பதால் இறக்கை முனைக்கும் பரணுக்கும் இடையே இடம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பரண் எந்தச் சுவரில் என்று தெரியாமல் ஃபேன் பாக்ஸ் வைத்த வீடுகளில், இரண்டடி இறக்கையைப் பரண் விளிம்பு தட்டாமல் இருக்கக் குழாயை நீட்டி, ஃபேனைத் தலையிடிக்கிற உயரத்துக்கு இறக்கியிருப்பார்கள்.

அதே கணக்கில் கட்டிலின் இரு பக்கமும் இரண்டு சிறு போர்டுகள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள ஒன்றரை அடியில் ஒன்று, கிழக்கு ஓரத்தில் ஒன்று. தரையில் இருந்து இரண்டு, இரண்டரை அடி உயரம் போதும். படுத்தபடியே கை எட்டும். செல்போன் சார்ஜருக்கு 6 ஆம்பியர் சாக்கெட், கொசுவிரட்டி மெஷினுக்கு இன்னொன்று, அறை விளக்குக்கு டூ வே ஸ்விட்ச். கதவருகே உள்ள பெரிய போர்டு வழக்கம்போல நாலடிக்குச் சற்று மேலே. ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துவிட்டு வையுங்கள். கதவுக்குப் பின்னால் மறையும் போர்டில், இருட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் விளக்கைப் போட முடியும்.

டூ வே ஸ்விட்ச்சை வசதி என்று தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. இரவில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக எழும் வயதானவர் வீட்டில் இருந்தால் அது வசதிக் கணக்கில் வராது. விளக்கைப் போட இருட்டில் அறையைக் கடந்து நடப்பவர்தான் விழுகிறார். கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு ஸ்விட்ச், கதவருகே ஒரு ஸ்விட்ச், முடிந்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. இதற்குக் கூடுதலாக ஆகிறது ஒரு பைப்பும் சில மீட்டர் ஒயரும்தான். தளம் போட்ட பிறகு கேட்டால் சுவரைக் கொத்த வேண்டும்.

ஒரு பல்புக்குப் போட்ட ஒயர்

நெல்லைச் சீமைக்குப் பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது 1944-ல். அதன் பின் பல பத்தாண்டுகளுக்குக் கிராமத்து வீட்டில் படுக்கை அறைக்கு ஒரு பல்பு என்பதே பெரிய விஷயம். ஓட்டு வீட்டின் உத்தரத்தை ஒட்டி மர ரீப்பர் அடித்து, அதன் மேல் கிளிப் வைத்து ஒயர் ஓட்டியிருப்பார்கள். வாசல் பக்கம் பீங்கான் ஃபியூஸ் கட்டை. ஒரு பல்பு, பிறகு ஒரு ஃபேன், பிறகு ஒரு ரேடியோ. அந்த ஒயர் அந்தச் சுமைக்குப் போதுமானதாக இருந்தது.

2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-க்குப் பிறகு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. மின்வெட்டு வாட்டிய ஆண்டுகளில் இன்வெர்ட்டர் வந்தது. இப்போது ஏ.சி. சாரல் விழும் ஆனி, ஆடியில் இந்த மலையடிவாரத்துக்கு ஏ.சி. எதற்கு என்று கேட்கலாம். பங்குனி, சித்திரை இரவில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். சுமை இத்தனை மடங்கு ஏறியும் புது வீட்டில் லைன் பிரிக்கும் பழக்கம் பெரும்பாலும் பல்பு காலத்திலேயே நிற்கிறது. மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே லைட் லைன், ஹாலுக்கும் படுக்கையறைக்கும் சேர்த்து ஒரே பவர் லைன்.

எத்தனை லைன்?

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் நெறிகளில் பல்லாண்டாக இருந்துவரும் ஒரு கணக்கு உண்டு. விளக்கு, ஃபேன், 6 ஆம்பியர் சாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு லைனில் 10 பாயின்ட்டுக்கு மேல் கூடாது, மொத்தச் சுமை 800 வாட்டைத் தாண்டக் கூடாது. 16 ஆம்பியர் பவர் சாக்கெட் என்றால் ஒரு லைனில் இரண்டுக்கு மேல் வேண்டாம், சுமை 3,000 வாட்டுக்குள்.

படுக்கையறையின் நிஜச் சுமையைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு எல்.இ.டி. டியூப் 40 வாட், பழைய மாடல் ஃபேன் 75 வாட், நைட் லேம்ப், சார்ஜர்கள், ஒரு டி.வி. எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட் ஆவது அபூர்வம். ஒன்றரை ஆம்பியர்கூட இல்லை. இதற்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் (சுமை மீறினால் தானே விழுந்து லைனை அறுக்கும் ஸ்விட்ச்) தாராளம். அப்படியானால் இரண்டு படுக்கையறையை ஒரே லைனில் போட்டால் என்ன? சுமை தாங்கும். ஆனால் ஓர் அறையில் பழுது வந்தால் இரண்டு அறையும் இருளும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்த அறையில் கோளாறு என்று தேடவும் முடியாது. அறைக்கு ஒரு எம்.சி.பி. என்றால், கோளாறான அறையை மட்டும் இறக்கிவிட்டு எல்லோரும் அடுத்த அறையில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது லைன், இஸ்திரிப் பெட்டிக்கும் கோடையில் ஏர் கூலருக்கும் உதவும் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு. 2.5 சதுர மி.மீ. ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. மூன்றாவது, ஏ.சி.க்கு மட்டுமேயான லைன். ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 7 ஆம்பியர்தான் இழுக்கும் என்றாலும் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பழைய வகை கம்ப்ரஸர் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பெட்டி தூரத்தில் இருந்தால் 4 சதுர மி.மீ. ஒயர் போடுவது நல்லது. இப்போது ஏ.சி. வாங்க வசதி இல்லை என்றாலும் பைப்பை மட்டும் ஓட்டி, பாக்ஸை மூடி வைத்துவிடுங்கள். திருப்பூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போன பிள்ளை நாலு வருஷம் கழித்து வாங்கித் தருவான். அப்போது ஒயரை இழுத்தால் போதும். அட்டாச்டு பாத்ரூமில் கீசர் இருந்தால் அதற்கும் தனி லைன். 3,000 வாட் கீசர் ஒன்றே 13 ஆம்பியர்.

ஒரு தவறான பழக்கத்தை இங்கே கடுமையாகச் சொல்லியாக வேண்டும். "எம்.சி.பி. அடிக்கடி விழுது" என்று 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுவது. எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காக்க. ஒயரில் ஓடும் கரன்ட் இரட்டிப்பானால் அதில் எழும் சூடு நான்கு மடங்காகிறது. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யைப் பெரிதாக்கினால், பூச்சுக்குள்ளே ஒயர் வெந்துகொண்டிருக்கும், எம்.சி.பி. விழாமல் நிற்கும்.

நியூட்ரலில் இருக்கிறது உயிர்

எம்.சி.பி. ஒயரைக் காக்கும் என்றால் ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் கரன்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரன்டும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது யாரோ ஒருவரின் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று கொண்டு, 0.3 விநாடிக்குள் லைனை அறுத்துவிடும். கசிவு பெரிதானால் 0.04 விநாடியே போதும். அதற்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்பதால்தான் இந்த அளவு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், மனித உடல் எவ்வளவு கரன்டைத் தாங்கும் என்று ஆராய்ந்த பின் 1960-களின் தொடக்கத்தில் இந்தக் கருவியின் அந்நாட்டு வடிவத்தை உருவாக்கினார். தமிழ்நாட்டிலும் வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி., அதாவது இதே வகைக் கருவியைப் பொருத்தும்படி மின் வாரியம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள்.

ஆனாலும் பல வீடுகளில் ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டிய ஒரு மாதத்தில் கழற்றப்படுகிறது, அல்லது பைபாஸ் செய்யப்படுகிறது. "சும்மா சும்மா விழுது" என்பார்கள். அது சும்மா விழுவதில்லை. பெரும்பாலும் காரணம், நியூட்ரல் கலந்திருப்பது. ஒயர் மிச்சம் பிடிக்க, ஒரு லைனின் பேஸை எடுத்து, பக்கத்து பாக்ஸில் கிடைத்த வேறு லைனின் நியூட்ரலில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஒரே மெயின் இருந்த காலத்தில் இது தெரியாது. வீட்டில் இரண்டு ஆர்.சி.சி.பி. வைத்தாலோ, இன்வெர்ட்டர் லைன் தனியாக வந்தாலோ, ஒன்றின் வழியே போன கரன்ட் இன்னொன்றின் வழியே திரும்பும். இரண்டு கருவிகளுக்கும் கணக்கு உதைக்கும், விழும். கருவி மேல் பழி போட்டுக் கழற்றுகிறோம்.

படுக்கையறையில்தான் இந்தக் கலப்பு அதிகம். காரணம் இன்வெர்ட்டர். ஒரே போர்டில் ஃபேனும் ஒரு விளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மற்ற விளக்கும் சாக்கெட்டும் ஈ.பி. லைனில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே கறுப்பு ஒயரை லூப் அடித்துவிடுவது எளிது. அப்படிச் செய்யக் கூடாது. இன்வெர்ட்டர் பேஸோடு இன்வெர்ட்டர் நியூட்ரலும் தனியாக டி.பி. பெட்டி வரைக்கும் வர வேண்டும். போர்டுக்குள் இரண்டு நியூட்ரலும் சந்திக்கவே கூடாது. ஒயர்மேனிடம் வேலை தொடங்கும் முன்பே, "ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரல் தனி" என்று சொல்லிவிடுங்கள். ஒயர் கொஞ்சம் கூடுதலாக ஆகும். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் அது கண்ணுக்கே தெரியாத தொகை.

இன்னொன்று. போர்வெல் மோட்டாரையும் படுக்கையறையையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் வைக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் மோட்டார் கேபிள் இணைப்பு நனைந்து கரன்ட் கசிந்தால் ஆர்.சி.சி.பி. விழுவது நியாயம். அதனால் தூங்குகிற பிள்ளைக்கு ஃபேன் நிற்பதுதான் அநியாயம். மழைக்கால நடுராத்திரியில் இப்படி விழுந்த கருவியைத்தான் மறுநாள் காலையில் கோபத்தோடு பைபாஸ் செய்கிறார்கள். படுக்கையறைகளுக்கு ஒரு ஆர்.சி.சி.பி., மோட்டார், கீசர், வாஷிங் மெஷினுக்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால் இரண்டும் தங்கும்.

எர்த் சரியாக இருந்தால் ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோடையில் மண் வறண்டு, உப்பும் கரியும் போட்ட எர்த் குழியில் தண்ணீர் ஊற்ற யாரும் நினைக்காமல், எர்த்தின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஏர் கூலரின் இரும்பு உடம்பில் பேஸ் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் பதினோரு ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. கூலரின் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும், விடிகாலையில் யாராவது தண்ணீர் ஊற்றக் கை வைக்கும் வரை. ஆர்.சி.சி.பி. இருந்தால் பேஸ் உடம்பில் பட்ட அந்த நொடியே விழுந்திருக்கும். அதற்காக எர்த் வேண்டாம் என்பதல்ல. பச்சை ஒயர் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் போயே ஆக வேண்டும். மூன்றாவது துளை வெறும் துளையாக இருக்கும் சாக்கெட் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. பேஸையும் நியூட்ரலையும் இரு கையால் தொடுகிறவரை ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மின் விதிகள் 1999 பதிப்பில் புதிதாக ஒரு கருவியைக் கட்டாயமாக்கின. ஒயர் நசுங்கியோ இணைப்பு தளர்ந்தோ பொறி பறந்தால் அதைக் கண்டு லைனை அறுக்கும் கருவி அது. 2002 முதல் கட்டாயம் என்று அறிவித்தபோது அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது படுக்கையறையைத்தான். மற்ற அறைகளுக்குப் பிறகுதான் விரித்தார்கள். கட்டில் கால் ஏறி நசுங்கிய எக்ஸ்டென்ஷன் ஒயர், மெத்தைக்குப் பின்னால் வளைந்து ஒடிந்த பிளக், இவை எல்லா ஊரிலும் ஒன்றுதான். நம் வீடுகளில் இந்தக் கருவி அரிது. ஆனால் கட்டிலின் இரு பக்கமும் போதிய சாக்கெட் இருந்தால் எக்ஸ்டென்ஷன் ஒயரே தேவைப்படாது, கட்டிலுக்கு அடியில் ஒயர் ஓடவும் வேண்டாம்.

சின்ன வீட்டுக்கும் இதே கணக்கு

இதெல்லாம் பெரிய வீட்டுக்காரர் பேச்சு என்று ஒதுக்க வேண்டியதில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில், 3.5 லட்சம் ரூபாய் அரசு உதவியில் வீடு கட்டுகிறார்கள். அங்கே படுக்கையறை ஒன்றுதான். அதற்கு ஒரு லைட் லைன், ஒரு பவர் லைன், மொத்த வீட்டுக்கும் ஒரு ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் இருந்தால் போதும். எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் அலங்கார விளக்கைக் குறையுங்கள், ஸ்விட்ச்சின் பிராண்டைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்பு ஒயரிலும் ஆர்.சி.சி.பி.யிலும் கை வைக்காதீர்கள். ஸ்விட்ச்சை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவருக்குள் போனதை மாற்ற மீண்டும் கொத்தனார் வர வேண்டும்.

பூச்சு வேலைக்கு முந்தின நாள் ஒரு காரியம் செய்யுங்கள். பைப் பதித்த ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் கல்யாணப் படம் மாட்ட ஆணி அடிக்கும்போதும், ஏ.சி.க்காரர் துளை போடும்போதும் அந்தப் படம்தான் வழிகாட்டும்.

வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒயரிங் முடிந்ததற்கான அறிக்கையில் கையெழுத்திட்டுக் கொடுப்பார். அந்தக் கையெழுத்துக்கு முன் மெகர் என்ற அளவுக் கருவியை வைத்து ஒவ்வொரு லைனின் இன்சுலேஷனையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. எர்த்தின் தடையையும் அளக்கச் சொல்லுங்கள். டி.பி. பெட்டியில் ஒவ்வொரு எம்.சி.பி.க்குக் கீழேயும் "கன்னி மூலை ரூம் லைட், ஃபேன்", "பிள்ளைகள் ரூம் பவர்" என்று வீட்டில் எல்லோருக்கும் புரியும்படி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலும் உள்ள டெஸ்ட் பட்டனை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஒரு முறை அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தியதும் விழ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். என்றைக்கு அழுத்தியும் விழவில்லையோ, அன்றைக்கே ஒயர்மேனைக் கூப்பிட்டு அதை மாற்றிவிடுங்கள்.